அதற்கு முந்தின வசனம்

எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஓலைக் கொட்டான் இருக்கும். சோறு பொங்க அரிசியை அளந்து சுளகில் கொட்டியதும், களைவதற்கு முன்னால், அம்மா அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொட்டானில் போடுவாள். அதற்காகக் கண்ணை மூடி ஜெபிக்க மாட்டாள். உதடு மட்டும் லேசாக அசையும். இரண்டு வேளை பொங்கினால் இரண்டு பிடி. சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேர் சாக்கோடு வருவார்கள். கொட்டானைக் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். இதற்குப் பிடியரிசிக் காணிக்கை என்று பெயர்.

நாசரேத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டின் செம்மண் ஓரத்தில் எங்கள் ஊர். அப்பா பம்பாயில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். மணியார்டர் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும். அதற்கு முந்தின நாள்களில் அரிசிப் பானைக்குள் கையை விட்டால் அடி தட்டும். அப்படி ஒரு நாளில் அம்மா கொட்டானில் அரிசி போடுவதைப் பார்த்துவிட்டேன். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பசி, கோபம் இரண்டும் இருந்தன.

"நமக்கே இல்ல. இதுல ஆண்டவருக்கு வேறயா?"

அம்மா கையை விரித்துக் காட்டினாள். பிடி என்று சொல்ல முடியாது. இரண்டு விரலால் கிள்ளி எடுத்த அளவு.

"இன்னைக்கு இதுதான் பிடி. இதையும் போடலன்னா, குடுக்கதுக்கு ஒண்ணுமில்லாதவ ஆயிருவேன் ளா."

அந்த வாக்கியம் எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அம்மா பெயரில் வீடு இல்லை, பனை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. அப்பா அனுப்பும் பணத்துக்கு அப்பாவிடம் கணக்குச் சொல்ல வேண்டும். யாரிடமும் கேட்காமல் அவள் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரே பொருள், உலைக்குப் போகும் அரிசியில் ஒரு பிடி. மிசோரமில் திருச்சபைப் பெண்கள் 1910 வாக்கில் இதே வழக்கத்தைத் தொடங்கினார்கள். அங்கே அதற்கு பூஃபாய் தாம் என்று பெயர். கையில் காசில்லாத பெண்கள் அங்கேயும் அரிசிப் பானையைத்தான் திறந்திருக்கிறார்கள்.

கணக்குப் பார்த்தால் ஒரு பிடி சிறிதல்ல. ஒரு பிடிக்கு 50 கிராம் என்றால், நாளுக்கு இரண்டு பிடி, மாதத்துக்கு 3 கிலோ. நூறு வீட்டில் 300 கிலோ. புழுங்கல், பச்சை, ரேஷன், குறுணை எல்லாம் கலந்த அந்த அரிசி கோயில் வெஸ்டிரியில் தகர டின்களில் நிறையும். ஒரு பங்கை ஏலம் விட்டு சபைக் கணக்கில் சேர்ப்பார்கள். ஒரு பங்கு, பட்டியலில் உள்ள விதவைகளுக்குப் போகும். அரிசி போடுவது பெண்கள். வீடு வீடாக நடந்து சேர்ப்பது பெண்கள். பட்டியல் எழுதுவது சபைக் கமிட்டி. கமிட்டியில் அப்போது ஒரு பெண்கூட இல்லை.

நான் பத்தாம் வகுப்பில் இருந்த அந்த ஆண்டு அம்மா பெண்கள் சங்கத்துச் செயலாளர். அவளுக்குக் கணக்கு நோட்டு எழுதிக் கொடுத்தது நான்தான்.

அந்த ஆண்டில்தான் தெற்குத் தெரு அத்தை ஊருக்குத் திரும்பி வந்தாள். அவளை வேறு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் குடித்துவிட்டு அடித்ததில் இடது கை மணிக்கட்டு வளைந்து கூடியிருந்தது. இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, பூட்டிக் கிடந்த தாய் வீட்டைத் திறந்து உட்கார்ந்தாள். ஓலைப் பெட்டி முடைந்து விற்றாள். வளைந்த கையால் நாளுக்கு எத்தனை பெட்டி முடைய முடியும்? ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. புருஷனை விட்டு வந்தவள் என்றால் அதற்கொரு கதை வேண்டுமே. கதையை ஊரே எழுதிக்கொண்டது.

அம்மா அவள் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். அவள் இருந்த சபையிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் வராது என்று எல்லாருக்கும் தெரியும். நன்னடத்தை பற்றி விசாரிக்க வேண்டும் என்றார்கள்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெஸ்டிரியில் கமிட்டி கூடியது. அம்மா கணக்குக் கொடுக்கப் போனாள். நோட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அன்று காலைப் பிரசங்கம் ஏழை விதவையின் இரண்டு காசு பற்றியது. மாற்கு 12-ஆம் அதிகாரம், 41-ஆம் வசனத்திலிருந்து. காணிக்கைப் பெட்டியில் பணக்காரர்கள் நிறையப் போடுகிறார்கள். விதவை தன்னிடம் இருந்ததையெல்லாம் போடுகிறாள். பெண்களுக்குச் சொல்ல இதைவிட வசதியான பிரசங்கம் இல்லை.

கணக்கு வாசித்து முடிந்ததும் அம்மா தன் வேதாகமத்தை என்னிடம் கொடுத்தாள். குருவானவரைப் பார்த்து, எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம், மெதுவாகச் சொன்னாள்:

"ஐயா, காலையில நாப்பத்தோராம் வசனத்துல ஆரம்பிச்சிய. அதுக்கு முந்தின வசனத்தை இவ வாசிப்பா. கொஞ்சம் கேளுங்க."

நான் வாசித்தேன். குரல் நடுங்கியது. பார்வைக்காக நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டிக்கும் வசனம் அது. அந்தக் கண்டனம் முடிந்த கையோடுதான் இரண்டு காசு விதவை வருகிறாள். அவள் ஏன் இரண்டு காசோடு நிற்கிறாள் என்பதற்கான பதில் முந்தின வசனத்தில் இருக்கிறது. பிறகு எத்தனையோ பெண்ணிய விளக்கவுரைகளைப் படித்தேன். முதல் பாடம் எட்டாம் வகுப்பு முடிக்காத என் அம்மாவிடம் கேட்டது.

வெஸ்டிரியில் யாரும் பேசவில்லை. ஒரு பெரியவர்தான் சொன்னார்: "நீ சொல்லுதது சரிம்மா. ஆனா அவ விதவை இல்லையே."

"புருசன் செத்தாத்தான் பசிக்குமா?"

கேட்டுவிட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது.

பட்டியல் மாறவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து சாக்கு போகும் வழி மாறியது. அரிசி சேர்த்த பெண்கள் கோயிலுக்குப் போகும் முன் தெற்குத் தெருவில் நின்று, அந்த அத்தையின் திண்ணையில் இரண்டு படி அளந்து வைத்துவிட்டுப் போனார்கள். கதவைத் தட்டவில்லை. அவளை வெளியே கூப்பிட்டு நிறுத்தவில்லை. அந்த வருஷக் கடைசியில் செயலாளர் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அம்மா ஞாயிறுதோறும் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கமிட்டியைவிடப் பெரியவரிடம் தனக்கு நேரே கணக்கு இருக்கிறது என்று அவள் நம்பினாள். அவளுடைய விசுவாசம் அவளுக்குக் கொடுத்த தைரியம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். ஊருக்கு மேற்கே இருந்த தலித் கிறிஸ்தவர்களின் வீட்டுப் பிடியரிசி தனிச் சாக்கில் வந்தது. தனி டின்னில் கொட்டப்பட்டது. அதை அன்று அம்மா கேட்கவில்லை. நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிய நானும் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்துக் கேட்டபோது அம்மா சொன்னாள்: "அந்த வசனத்தை எனக்கு ஒருத்தரும் வாசிச்சுக் காட்டல. நானாவது தேடியிருக்கணும்."

கல்லூரிக்குப் பாளையங்கோட்டைக்கு வந்தேன். பெண்ணிய வாசிப்பு வந்தது. கோயிலுக்குப் போவது குறைந்து, நின்றது. சேவை என்ற சொல்லே கசந்தது. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் தபீத்தாள் விதவைகளுக்கு உடை தைத்துக் கொடுத்தே செத்துப் போகிறாள். எழுப்பப்பட்டதும் மறுபடி தைக்கத்தான் போயிருப்பாள் என்று தோழிகளிடம் கேலி பேசுவேன். மாமியார் காய்ச்சலிலிருந்து எழுந்ததும் பேதுருவின் வீட்டில் எல்லாருக்கும் பணிவிடை செய்கிறாளே, அவளுக்கு ஒருவர் கஞ்சி வைத்துக் கொடுத்தாரா என்று அம்மாவிடமே சண்டை போட்டிருக்கிறேன். இந்தக் கேள்விகளை நான் இன்றும் விடவில்லை. பெண்ணின் உழைப்பை இலவசமாக வாங்கிக்கொள்ள ஊழியம் என்ற சொல் நன்றாகவே பயன்படுகிறது.

ஆனால் அதே பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோயில் இருந்தது. தஞ்சாவூர்ப் பிராமணக் கைம்பெண்ணாக இருந்து, லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்த குளோரிந்தா கட்டிய கோயில் அது. அவள் ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் ஒருவனோடு வாழ்கிறாள் என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். 1785-இல் கோயில் எழுந்தது. அவள் பெயரைச் சொல்லும் கிணறும் அங்கே இருக்கிறது. வாசலில் நிறுத்தப்பட்டவள்தான் அந்த ஊரில் சபை உருவாக முன்னால் நின்றாள். அந்தக் கோயிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குத் தெற்குத் தெரு அத்தையின் நினைவு வரும்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை முதல் வகுப்பில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். முதல் பஸ்ஸைப் பிடிக்கச் சாப்பிடாமல் கிளம்பி வருகிறவள். அவள் மட்டுமல்ல, வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. துறை அறையில் ஓர் அலமாரியை ஒழித்து ரொட்டி, வாழைப்பழம், கடலை மிட்டாய், நாப்கின் வாங்கி வைத்தேன். இரண்டு தோழிகளும் மாதச் சம்பளத்திலிருந்து பங்கு போட்டார்கள்.

அந்தப் பெண்ணை நானே கூப்பிட்டுக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கேட்டேன்: அப்பா என்ன செய்கிறார்? குடிப்பாரா? அம்மா காலையில் ஏன் சமைக்கவில்லை? அன்பாகத்தான் கேட்டேன். அவள் பதில் சொல்லிக்கொண்டே பழத்தை உரித்தாள். பாதி சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்கு வரவே இல்லை.

ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அதே வாரம் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். 163-ஆம் பாட்டு. பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார் தன் மனைவியிடம், இன்னாருக்கென்று பார்க்காதே, என்னிடமும் கேட்காதே, எல்லாருக்கும் கொடு என்று சொல்கிறார். பொருளை விளக்கும்போது இரண்டாம் பெஞ்சில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. வெஸ்டிரியில் உட்கார்ந்து நன்னடத்தை விசாரித்தவர்களில் ஒருத்தியாக நான் ஆகியிருந்தேன். என்ன வித்தியாசம்? நான் சிரித்துக்கொண்டே விசாரித்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"திண்ணையில வச்சிட்டு நாங்க ஏன் கதவைத் தட்டாமப் போனோம்னு நெனச்ச? அவ முகத்தைப் பாக்கணும்னு எங்களுக்கும் ஆசைதான் ளா. நன்றின்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு இருக்கும்லா. அந்த ஆசையையும் சேத்துத்தான் காணிக்கையாப் போடணும்."

மறுநாள் அலமாரியை எங்கள் அறையிலிருந்து எடுத்து, மாணவிகள் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து நடைவழியில் வைத்தோம். பூட்டு இல்லை, நோட்டு இல்லை. இப்படி வைத்தால் வசதியானவர்களும் எடுப்பார்களே, ஒரு விண்ணப்பப் படிவமாவது வேண்டாமா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டோம். பசியை நிரூபிக்கச் சொல்வதைவிட நாலு ரொட்டி கூடப் போவது மேல். காலை பஸ் நேரத்தை மாற்றித் தரச் சொல்லியும், கல்லூரியில் காலைச் சிற்றுண்டி வேண்டும் என்றும் மனு எழுதிக்கொண்டே இருக்கிறோம். அதுதான் முந்தின வசனம். அலமாரி அதற்கு மாற்று ஆகாது.

அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சங்கத்தில் அரிசிக்குப் பதில் உறையில் பணம் வாங்குகிறார்கள். அவள் உறையும் கொடுக்கிறாள், கொட்டானிலும் போடுகிறாள். அந்த அரிசி எங்கே போகிறது என்று நான் கேட்பதில்லை. எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று அவளும் கேட்பதில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து அவள் படுத்திருந்தபோது, நாற்பது நாள் எங்கள் வீட்டில் தங்கி அவளைக் குளிப்பாட்டியது தெற்குத் தெரு அத்தைதான். அதற்கு நான் கூலி பேசப் போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த மாணவி பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கடைசி வரை என் முகத்தை நேரே பார்க்கவில்லை. அதை நான் சரிசெய்ய முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை அலமாரியை நிரப்பப் போனபோது மேல் தட்டில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் உள்ளே பத்துப் பனங்கிழங்கு, அவித்து, தோல் உரித்து வைத்தது. நாங்கள் வாங்கியது இல்லை. யாரோ முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். நடைவழியில் இரண்டு மூன்று பெண்கள் நின்றார்கள். யார் வைத்தது என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது.

பொட்டலத்தை மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.