கரும்புள்ளி ஏடு

தன்னைத் தான் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. அதையே நாள்தோறும் வகுப்பில் போதித்து ஊதியம் பெறுகிற நாமா மறுக்கப் போகிறோம்! ஆயினும், நாற்பதைத் தாண்டிய பிறகு, இந்தத் திருத்த வேலைக்கு விடுமுறையே கிடையாதோ என்றொரு சலிப்பு நம் உள்ளத்தில் தலைகாட்டுகிறது.

அத்தகைய இரவுகளில் அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்ளினின் (1706–1790) சுயசரிதம் நமக்கு உற்ற துணை. குற்றமே இல்லாத மனிதராகிவிடுவதென்று அவர் இளமையில் தீர்மானித்தார். நற்குணங்களை 13 எனக் கணக்கிட்டு, சிறு புத்தகமொன்றில் சிவப்பு மையால் கட்டமிட்டு, வாரத்திற்கு ஒரு குணமாகப் பயின்றார். ஆண்டுக்கு நான்கு சுற்று. (சிவப்பு மை! அவரும் உள்ளூர ஒரு வாத்தியாரே.) தவறிய இடத்தில் ஒரு கரும்புள்ளி. எண்ணியதைவிடத் தம்மிடம் குற்றங்கள் மலிந்திருக்கக் கண்டு வியப்புற்றாராம். அடுத்த சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையாகிவிடவே, துடைத்தெழுதத் தந்த ஏடுகளைத் தேடினார். பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் அவருக்குக் கைவரவே இல்லை. மின்னலின் மர்மத்தை ஆராய்ந்தவருக்குத் தம் காகிதங்கள் அடங்கவில்லை என்பதில் நமக்கு உண்டாகும் ஆறுதலைச் சொல்லி முடியாது.

அவர் ஏட்டையாவது மூடி வைக்கலாம். நம் சட்டைப்பைக் கைப்பேசியோ, மாலையில் இல்லாளுடன் பேசிக்கொண்டே குளக்கரை வரை உலாவி வந்தால், காலடிகள் இன்னும் பாக்கி என்று கணக்குக் காட்டுகிறது. நாளொன்றுக்கு 10,000 காலடி என்ற விதியை வகுத்த வைத்தியர் யாரென்று பார்த்தால், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியொன்றின் பெயரல்லவா அதற்கு மூலம்! ‘மான்போ-கெய்’, அதாவது ‘பதினாயிரம் காலடிமானி’. வியாபாரியின் விளம்பரம் நம் மனச்சாட்சியாக வந்து அமர்ந்துவிட்டது.

கால்வலி பெரிதன்று. உலாவுவதும் உறங்குவதும் படிப்பதும்கூடப் பயிற்சியாகிவிடுவதே பாரம். மதிப்பெண் போடுபவரும் நாமே, குனிந்து நிற்கும் மாணாக்கரும் நாமே.

சென்ற பருவத்தில், தன் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் தவறியதற்காக விளையாடப் போகாமல் கண்கலங்கி நின்றான் ஒரு பையன். படிப்பில் முதல்வன். அவனுக்குப் பிராங்ளினின் ஓட்டைக் காகிதத்தைப் பற்றிச் சொன்னோம்.

“பிறகு என்ன செய்தார், ஸார்?”

“ஆண்டுக்கு ஒரு சுற்றாகக் குறைத்தார். பிறகு பல ஆண்டுகளுக்கு ஒன்று. கடைசியில் அடியோடு விட்டுவிட்டார். புத்தகத்தை மட்டும் போகுமிடமெல்லாம் உடன் வைத்திருந்தார்.”

பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சற்றே யோசித்தான்.

“இது பரீட்சைக்கு வருமா, ஸார்?”