ஒரு குடம் கணக்கு

எனக்கு டைபாய்டு வந்த கதையை ஆரம்பித்தாலே எல்லாரும் முதலில் கேட்பது, "வெளியில கண்டதைத் தின்னியா?" என்பதுதான். அப்போது நான் பிரம்மச்சாரி, திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசி. வெளியில் தின்னாமல் உள்ளே உட்கார்ந்து தின்ன, அங்கே எனக்கு என்ன மாமியார் வீடா இருந்தது?

2013 ஜனவரி கடைசி. தினமும் சாயந்திரமானால் காய்ச்சல் ஏறும், காலையில் கொஞ்சம் இறங்கும். லீவு கேட்டேன். "மாசக் கடைசியில கணக்கு முடிக்கிறப்ப மட்டும் உனக்கு எப்படிய்யா கரெக்டா காய்ச்சல் வருது?" என்றார் மேனேஜர். ஏழாவது நாள் தலை அப்படியே கீ-போர்டில் சாய்ந்துவிட்டது. எட்டு என்ற எண் ஸ்கிரீன் முழுக்க ஓடியிருக்கிறது. அன்றைக்கு ஒரு நாள் எங்கள் கம்பெனிக்கு வந்த லாபம், டாடா பிர்லாவுக்கும் வந்திருக்காது.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்து கல்ச்சர் பண்ணினார்கள். டைபாய்டு! ட்ரிப்ஸ் ஏற்றி, கட்டிலில் படுக்கப் போட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஐம்பது வயசுக்காரர் ஒருவர். அவருக்கும் அதே ஜுரம். நகக் கண்ணெல்லாம் வெள்ளை டிஸ்டெம்பர். 1990-ல் மன்னார் பக்கத்திலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்தவராம். அன்றிலிருந்து அகதி முகாம், பெயின்ட் வேலை. அவருடைய மகள் பெண்கள் வார்டில் படுத்திருந்தாள். அவளுக்கும் டைபாய்டு. ப்ளஸ் டூ, காமர்ஸ் குரூப். பரீட்சைக்கு ஒரு மாசம்தான் பாக்கி. "நான் பி.காம். அண்ணே, கணக்குல சந்தேகம்னா கேக்கச் சொல்லுங்க" என்றேன். உடம்பு நெருப்பாகக் கொதிக்கும்போதும் பந்தா மட்டும் குறையவில்லை.

இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் மேதாவித்தனம் காட்டினேன். "முகாம்ல தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கக் கூடாதா அண்ணே?"

அவர் கோபப்படவில்லை. திரும்பிப் படுத்து என்னைப் பார்த்தார். "நீங்கள் காய்ச்சியே குடிச்சனீங்கள், தம்பி?"

நியாயமான கேள்வி. எங்கள் மெஸ்ஸில் ஒரு எவர்சில்வர் அண்டா இருக்கும். அதன் மூடி மேல் ஒரே ஒரு டம்ளர். சாப்பிட வருகிற அறுபது பேரும் அதை விரலோடு தண்ணீரில் முக்கித்தான் மொள்ளுவோம். எங்களில் எத்தனை பேர் கை கழுவியவர்கள் என்பது ஆண்டவனுக்கும் அண்டாவுக்கும்தான் வெளிச்சம்.

அவரே தொடர்ந்தார். "எங்கட குழாயில ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி. அதுவும் ஒரு மணித்தியாலம். வீட்டுக்கு நாலு குடம் வந்தாப் பெரிசு. மண்ணெண்ணெய் சோறாக்கவே காணாது, இதில தண்ணியைக் காய்ச்சுறது எங்க? கக்கூசுக்கும் வரிசை. மழை பெஞ்சா அதுவும் நிரம்பி வழியும்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம்தான் டைபாய்டில் ஆபத்தான வாரம் என்பார்கள். அந்தப் பெண் விஷயத்தில் அது நிஜமாகிவிட்டது. ஒரு ராத்திரி வயிற்று வலியால் துடித்திருக்கிறாள். குடலில் ஓட்டை. அவசர ஆபரேஷன். தந்தை, கையில் ஊசி குத்தியிருந்த இடத்தை இன்னொரு கையால் பிடித்தபடி தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார். பிழைத்துக்கொண்டாள். ஆனால் பரீட்சை எழுத முடியவில்லை.

"காய்ச்சிக் குடிக்கக் கூடாதா?" என்று நான் கேட்டது அதற்கப்புறம் நெஞ்சில் முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு, முகாம்களில் இந்த ஜுரம் ஏன் பரவுகிறது என்று தேடித் தேடிப் படித்தேன். டாக்டர் படிப்புக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் இதில் பாதி வெறும் கணக்குதான் ஸார்!

உலகம் பூரா நிவாரணப் பணி செய்கிறவர்கள் 'ஸ்ஃபியர்' என்று ஒரு கையேடு வைத்திருக்கிறார்கள். முகாமில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு குழாயை 250 பேருக்கு மேல் நம்பியிருக்கக் கூடாது. குழாயில் நிமிஷத்துக்கு ஏழரை லிட்டர் வரும் என்று வைத்துக்கொள்கிறார்கள். இப்போது பேப்பர், பேனாவை எடுங்கள். 250 பேருக்கு 3,750 லிட்டர். அதைப் பிடிக்க 500 நிமிஷம், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஆனால் தண்ணீர் ரெண்டு மணி நேரம்தான் வருகிறது என்றால்? 900 லிட்டர். தலைக்கு மூணு லிட்டர் அறுநூறு மில்லி. நம்ம ஆபீஸ் பாத்ரூமில் ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணினால் கிட்டத்தட்ட இவ்வளவு போய்விடும்.

வரவு குறைந்தால் எந்தச் செலவை முதலில் வெட்டுவோம்? குடிக்கிறதை வெட்ட முடியாது. சோறு வடிக்கிறதையும் முடியாது. வெட்டுவது கை கழுவுவதைத்தான். சோப்புக்கும் அதே கதி. டைபாய்டு உள்ளே நுழைவது அந்தச் சந்தில்தான்.

இந்தக் கிருமியை வளர்ப்பது மனுஷன் மட்டுமே. எலி, எருமை, கொசு என்று எதன் மேலும் பழி போட முடியாது. ஒருத்தர் வயிற்றிலிருந்து வெளியேறி, தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ இன்னொருத்தர் வாய்க்குப் போகிறது, அவ்வளவுதான் அதன் பஸ் ரூட். அதனால்தான் கழிப்பறை 20 பேருக்கு ஒன்று, வீட்டிலிருந்து 50 மீட்டருக்குள், குடிநீர் ஊற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி என்றெல்லாம் அந்தக் கையேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். குழாய் விட்டு விட்டு ஓடினால் இன்னொரு கூத்து. தண்ணீர் நின்றதும் உள்ளே அழுத்தம் போய்விடும். விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையை அந்தக் குழாயே உறிஞ்சிக்கொள்ளும்.

போதாததற்கு, கிருமி உள்ளே போய் ஜுரம் காட்ட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். இன்றைக்குக் கெட்ட தண்ணீர் குடித்தால் அடுத்த மாசம்தான் பில் வரும். அதற்குள் முகாமில் நூறு பேர் குடித்து முடித்திருப்பார்கள். குணமான பிறகும் சிலர் பித்தப்பையில் கிருமி வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தும். நியூயார்க்கில் மேரி மேலன் என்ற சமையல்காரம்மா அப்படித்தான் போன இடமெல்லாம் ஜுரத்தைப் பரிமாறினார். பொதுச் சமையல் நடக்கும் முகாமில் அப்படி ஒருத்தர் இருந்தால், அது அவருக்கே தெரியாது.

குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதுவும் தப்பு. உள்நாட்டுப் போருக்குத் தப்பி மொசாம்பிக்கிலிருந்து வந்தவர்கள் மலாவி நாட்டு முகாம் ஒன்றில் இருந்தார்கள். 1993-ல் அங்கே ஓர் ஆராய்ச்சி. ஊற்றில் எடுக்கும்போது தண்ணீர் சுத்தம். வாளியில் வீட்டுக்குப் போனதும் கெட்டுவிடுகிறது. காரணம் கை! மூடியும் மூக்கும் வைத்த, கை விட முடியாத வாளியைச் சில வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைந்தது. அது டைபாய்டு ஆராய்ச்சி இல்லைதான். ஆனால் இரண்டுக்கும் ரூட் ஒன்றே. எங்கள் மெஸ் அண்டா ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டமாஸ்கஸை ஒட்டிய யார்முக் பாலஸ்தீன அகதி முகாமைப் பாருங்கள். போர் நடுவே 2014 செப்டம்பரில் அங்கே குழாய்த் தண்ணீர் நின்றது. 2015 ஆகஸ்டில் அந்த வட்டாரத்தில் டைபாய்டு வந்திருப்பதை ஐ.நா.வின் நிவாரண அமைப்பு உறுதி செய்தது. அந்த ஜனங்கள் சுத்தம் தெரியாதவர்களா? நேற்றுவரை வீட்டில் குழாயைத் திருகியவர்கள், ஸார்!

டைபாய்டுக்கு இப்போது நல்ல தடுப்பூசி இருக்கிறது. நம்ம ஹைதராபாத் தயாரிப்பை 2017 டிசம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இங்கே 2021-ல், 'அகதிகள் முகாம்' இனி 'மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு பெயர் மாற்றி, 7,469 புது வீடுகளையும் அறிவித்தது. சந்தோஷம். ஆனால் ஊசி போட்டாலும் வீடு கட்டினாலும், ஒரு குழாய்க்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்ற கேள்வியை யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "ஏன் காய்ச்சிக் குடிக்கலை?" என்று கேட்பது சுலபம். அதற்குக் காசு செலவில்லை.

2013 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போன் பண்ணினார். "தம்பி, மகள் ஜூன் பரீட்சை எழுதினவள். பாஸ்!"

எனக்கே பாஸான மாதிரி இருந்தது. அக்கவுண்டன்சியில் எவ்வளவு என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார். என் மார்க்கைவிட இருபது அதிகம். அதனால் அதை இங்கே வெளியிடுவதற்கில்லை.

வைக்கப் போகும்போது கேட்டேன். "இப்ப தண்ணி எப்படி வருது, அண்ணே?"

"அது அப்பிடியேதான் தம்பி" என்றார். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா."