கமின்ஸுக்கு ஒரு ஃபிளெக்ஸ் பிளேட்

ஒன்ராறியோவில் வாகன மெக்கானிக் உரிமம் எடுக்க 310எஸ் என்ற பயிற்சியில் சேரவேண்டும். மொத்தம் 7,220 மணிநேரம். அதில் வகுப்பறைக்கு 720. மிச்சமெல்லாம் கராஜ் வேலை. ஃபிளெக்ஸ் பிளேட் வகுப்பில் சட்டென்று கடந்துபோகிற பாடம். ஓட்டோமெட்டிக் வண்டியில் கிராங்குக்கும் டோர்க் கன்வெர்ட்டருக்கும் நடுவில் நிற்கிற மெல்லிய உருக்குத் தகடு, அதன் விளிம்பில் ஸ்டார்ட்டர் கடிக்கிற பல்வளையம் என்று நோட்டில் எழுதியிருந்தேன். மிச்சத்தைப் படித்தது ஒரு 2001 டொட்ஜ் ராம் 2500க்குக் கீழே நின்றுதான்.

5.9 லீற்றர் கமின்ஸ் டீசல், 24 வால்வு, 47ஆர்இ கியர்பொக்ஸ். சொந்தக்காரர் புல்வெட்டும் ஒப்பந்தகாரர். கோடை முழுவதும் டிரெய்லர் இழுப்பவர். வேறொரு கராஜில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கொன்றொட் பெயரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சத்தம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஐட்லிங்கில் கனமாக, ஒழுங்காகத் தட்டியது.

என்னைப் பழக்கிய அண்ணை சீட்டில் ஏறி, பிரேக்கை மிதித்துக்கொண்டு டிரைவுக்கும் நியூட்ரலுக்கும் மாறி மாறிப் போட்டார்.

"கியர் விழுந்தவுடனை சத்தம் குறையுது, கேட்டனியா? அவசரப்பட்டு எஞ்சினுக்குப் பழி போடாத தம்பி."

முதலில் ஒயில் ஃபில்ட்டரைக் கழற்றி வெட்டிப் பார்த்தோம். மடிப்புகளில் உலோகத் துகள் எதுவும் இல்லை. பெயரிங் தேய்ந்திருந்தால் அங்கே மினுங்கியிருக்கும். அடுத்தது ஸ்டார்ட்டர். அதை இறக்கினால் வருகிற ஓட்டையால் லைட் அடித்துத் தகட்டைப் பார்க்கலாம். கமின்ஸில் பாரிங் டூல் என்ற ஒரு பல்லுக்கருவி உண்டு. அதைச் செருகி, ராட்செட் பிடித்து எஞ்சினைக் கையால் சுற்றலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியபோது நடுவில் வெடிப்புத் தெரிந்தது. கிராங்க் போல்ட் ஓட்டைகளைத் தொட்டுத் தொட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடிய வெடிப்பு. அந்த இடத்தில் இரும்பும் இரும்பும் உரசித்தான் அந்தத் தட்டல்.

இனி சாமான் வாங்கவேண்டும். பூட்டுவதைவிட இதுதான் சிக்கலான வேலை என்பது என் அபிப்பிராயம். அந்தக் காலத்து ராம் ட்ரக்குகளில் 5.9 என்று இரண்டு எஞ்சின்கள் வந்தன. ஒன்று இந்த டீசல், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். மற்றது 360 என்று சொல்லப்படுகிற பெற்றோல் வி8. வரிசை ஆறு தன் அமைப்பாலேயே சமநிலையாக ஓடும். அதன் தகட்டில் தனியாகப் பாரம் வேண்டாம். 360 அப்படியல்ல. அதன் சமநிலைப் பாரத்தில் ஒரு பகுதி எஞ்சினுக்கு வெளியே, பின்பக்கத்தில் சேர்க்கப்படுகிறது. கடையில் போய் "ராம், 5.9, ஓட்டோமெட்டிக்" என்று மட்டும் சொன்னால் எது வரும் என்பது கவுண்டரில் நிற்பவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. அதனால் வண்டியின் 17 எழுத்து வின் எண்ணைக் கொடுக்கவேண்டும். அதில் எட்டாவது இடம்தான் எஞ்சினைச் சொல்கிறது.

எண் பொருந்தினாலும் அண்ணை பெட்டியை நம்பவில்லை. பிறகு கியர்பொக்ஸை இறக்கிக் கழற்றிய பழைய தகட்டை மேசையில் போட்டு, புதியதை அதற்கு மேல் வைத்து, எட்டு கிராங்க் போல்ட்டுகளையும் இரண்டுக்குள்ளாலும் விடச் சொன்னார். நடு ஓட்டையின் விட்டத்தைக் கலிப்பரால் அளந்தேன். கன்வெர்ட்டர் ஓட்டைகளை ஒப்பிட்டேன். பற்களை எண்ணினேன், எண்ணத் தொடங்கிய பல்லில் சோக்கால் அடையாளம் போடாவிட்டால் முழுவதையும் திரும்ப எண்ணவேண்டிவரும். கடைசியாக, நடுத் தகட்டிலிருந்து பல்வளையம் எவ்வளவு முன்னோ பின்னோ நிற்கிறது என்பது. கண்ணுக்கு இது தெரியாது. நேர்விளிம்பை வைத்து அளந்துதான் பார்க்கவேண்டும். சில மில்லிமீற்றர் தவறினால் ஸ்டார்ட்டர் பல் அரைகுறையாகக் கடிக்கும், அல்லது விடாமல் உரசும்.

வாங்கும் முன் சொந்தக்காரர் தடித்த பில்லட் தகடு கேட்டிருந்தார். எஸ்எஃப்ஐ 29.1 என்ற பந்தயப் பாதுகாப்புச் சான்றோடு வருகிறவை அவை. எஞ்சினின் வலுவைக் கூட்டியவர்களுக்கு அதில் நியாயம் இருக்கிறது. இந்த வண்டி கொம்பனியிலிருந்து வந்தபடியே ஓடுகிறது. கன்வெர்ட்டர் ஒயில் அழுத்தத்திலும் சூட்டிலும் சற்று உப்பிச் சுருங்கும். அதற்கு இடம் கொடுத்து வளைவதுதான் தகட்டின் வேலை. வளையவேண்டிய இடத்தில் வளையாத இரும்பைப் போட்டுக் காசைக் கரைக்கத் தேவையில்லை என்று அண்ணை சொன்னார். சாதாரண தகடுதான் வாங்கினோம்.

இந்த நாட்டு வீதிகளில் போடும் உப்பில் கியர்பொக்ஸ் இறக்குவது தனிக் கதை. துருப்பிடித்த குறுக்குச் சட்ட போல்ட்டுகளோடு மல்லுக்கட்டியதை விட்டுவிடுகிறேன். கியர்பொக்ஸ் இறங்கியதும் என் கை நேராகப் புதிய தகட்டுக்குப் போனது. அண்ணை தடுத்தார்.

"பழசு ஏன் உடைஞ்சதெண்டு தெரியாமல் புதுசைப் போட்டால், அடுத்த வருசமும் நாங்கள் இதே ட்ரக்குக்குக் கீழைதான் நிப்பம்."

காரணம் பெல் ஹவுசிங் முகத்தில் இருந்தது. எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒரே அச்சில் பிடிக்கிற இரண்டு டவல் பின்களில் ஒன்றைக் காணவில்லை. முன்பு யாரோ கியர்பொக்ஸ் இறக்கியபோது தொலைந்திருக்கவேண்டும். போல்ட்டுகள் பெட்டியைத் தாங்கும். அச்சை நேராக்குவது பின்தான். அச்சு தலைமுடியளவு விலகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் தகடு முன்னும் பின்னும் வளையும். கட்டுக்கம்பியை மடித்து மடித்து முறிப்பதுபோல, அது ஒருநாள் முறிந்தே தீரும். சில டொலர் பெறுமதியான பின்.

பிறகு கிராங்கின் முன்பின் அசைவை டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். இந்த எஞ்சினுக்கு 0.10 முதல் 0.43 மில்லிமீற்றர் வரை அனுமதி. எங்களுடையது உள்ளே இருந்தது. இவ்வளவு திறந்தபிறகு பின்பக்க ஒயில் சீலையும் மாற்றாமல் விடுவது மடமை. கமின்ஸ் சீலை ஒயில் பூசாமல், கிராங்கை நன்றாகத் துடைத்து உலர்த்தித்தான் ஏற்றவேண்டும். எந்தச் சீலுக்கும் ஒயில் தடவிப் பழகிய கைக்கு இது உறுத்தும்.

தகடு பூட்டுவது அதற்குப் பிறகு சின்ன வேலை. பல்லின் சரித்த ஓரம் ஸ்டார்ட்டர் பல் வந்து நுழையும் பக்கம் பார்க்கவேண்டும். புது போல்ட்டுகள், எதிரெதிராக, படிப்படியாக, 137 நியூட்டன் மீற்றர் வரை. சுற்றவிடாமல் பாரிங் டூல் பிடித்துக்கொள்ளும்.

கன்வெர்ட்டரில்தான் பொறுமை வேண்டும். கொஞ்சம் ஒயில் ஊற்றி, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் ஒவ்வொரு தண்டிலும் "டொக்" என்று விழும். கடைசியாக ஒயில் பம்பில் விழவேண்டும். விழாமல் இருக்கும்போது பெல் ஹவுசிங் போல்ட்டுகளை முறுக்கி இழுத்தால் பம்ப் நொருங்கும். ஹவுசிங் கைத்தள்ளலிலேயே எஞ்சினோடு ஒட்டவேண்டும். ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் தாராளமாகச் சுற்றி, சில மில்லிமீற்றர் முன்னுக்கு வந்து தகட்டைத் தொடவேண்டும். எங்களுடையது அப்படியே வந்தது. ஏடிஎஃப்+4 ஒயில் நிரப்பி ஸ்டார்ட் செய்தபோது டீசலின் வழக்கமான இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

பழைய கமின்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: தட்டுகிற சத்தத்துக்கு யாராவது எஞ்சினை இறக்கச் சொன்னால், சம்மதிப்பதற்கு முன் ஸ்டார்ட்டரைக் கழற்றி ஃபிளெக்ஸ் பிளேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கியர்பொக்ஸ் இறக்கி ஏற்றும் வேலை எதுவென்றாலும், இரண்டு டவல் பின்களும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.