சங்கும் புல்லும்

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரை அடுத்துக் காம்டன் என்னும் ஊர் உள்ளது. அங்கு மருந்துக்கடை நடத்திவந்த ஒருவருக்குக் காது நன்கு கேளாது. மருந்து வாங்க வருவோர் தம் நோயைத் தணிந்த குரலில் கூறுவர். அவரோ உரக்கக் கூறுமாறு வேண்டுவார். மறைவாகக் கூற வேண்டியவற்றைக் கடையிலுள்ளோர் அனைவரும் கேட்க நேரும். வந்தவர் நாணுவர், கடைக்காரரும் நாணுவார். அது கண்டு வருந்திய அவர் மகன், செவிகளைச் சீர்செய்யும் மருத்துவன் ஆவேன் என்று இளமையிலேயே உறுதி பூண்டான். 1935-இல் பிறந்த அச்சிறுவனே, பின்னாளில் உலகம் போற்றிய கிரேம் கிளார்க்.

நம் உட்செவியில் நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதனைக் காக்ளியா என்பர். அதிலுள்ள நுண்மயிர் அணுக்கள் ஒலியதிர்வை மின்குறிப்பாக மாற்றி நரம்பிடம் ஒப்படைக்கின்றன. அவ்வணுக்கள் பழுதுற்றால், மெல்லிய கம்பிகளின் வழியே நரம்பை நேரே தூண்டலாம் என்று கிளார்க் கருதினார். ஆயினும், வளைந்து செல்லும் அவ்வுறுப்பினுள் கம்பிகளைக் காயமின்றிச் செலுத்துவது எவ்வாறு?

1977-இல் அவர் மின்னமுரா என்னும் கடற்கரைக்குச் சென்றிருந்தார். அங்குக் கிடந்த சங்கு போன்ற கூடொன்றை எடுத்து, அதனுள் புல்லிதழ்களை நுழைத்துப் பார்த்தார். அடி விறைத்து நுனி துவளும் புல், சுருளின் வழியே எளிதாக உட்சென்றது. கம்பிக் கற்றையும் அவ்வாறே அமைதல் வேண்டும் என உணர்ந்தார். 1978 ஆகஸ்டு முதல் நாள், மெல்போர்ன் நகரில் தம் கருவியைச் செவியிழந்த ஒருவருக்குப் பொருத்தினார்.

இக்கருவி பிறவியிலேயே செவி கேளாத குழந்தைகளுக்கும் பயன்படுகிறது. பிறவிக் குறையை முற்பிறவி வினை என்றும், தாயின் குற்றம் என்றும் பழித்தவர் பலர். உண்மை அதுவன்று. ஜி.ஜே.பி.2 என்னும் மரபணுவின் மாறுதல் அதற்கு ஒரு காரணம் என்பதை 1997-இல் அறிவியலார் கண்டனர். அம்மாறுதலைத் தாயும் தந்தையும் ஒவ்வொரு பிரதி தாங்கியிருப்பர். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். இரு பிரதிகளும் ஒருங்கே குழந்தையை அடையுங்கால் குறை தோன்றும். அதற்குரிய வாய்ப்பு, ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒன்று. இதில் யாரைப் பழிப்பது?

இவ்வகைக் கேளாமையில் உட்செவி பழுதுற்றாலும், நரம்பு பெரும்பாலும் கெடுவதில்லை. ஆதலின் கருவி நற்பயன் தருகிறது. நரம்பே கெட்டவர்க்கு அத்துணைப் பயன் விளைவதில்லை. கருவியைப் பொருத்தியவுடன் பேச்சு விளங்கிவிடும் என்று எண்ணுதலும் தவறு. அது தருவது இயற்கை ஒலியன்று, மின்குறிப்பே. அதனைப் பொருளாக அறிய மூளை பழக வேண்டும். மூளை எளிதில் பழகும் குழந்தைப் பருவத்திலேயே அதனைப் பொருத்துதல் நலம். பின்னர்ப் பெற்றோரும் ஆசிரியரும் நாள்தோறும் பொறுமையுடன் பேசிப் பழக்க வேண்டும்.

சங்கும் புல்லும் கடற்கரையில் எவர் கண்ணிலும் படுவனவே. பிறர் துயரைத் தன் துயராகக் கருதிய ஒருவர் கண்ணுக்கே அவை வழிகாட்டின.