நீருக்குள் நடுங்கும் மரம்: கிழக்குத் தென்னசியின் போலி இரைக் கைவினை

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளை ஒட்டிய கிழக்குத் தென்னசியில், பால்சா மரத்தைச் செதுக்கித் தூண்டிலுக்கான போலி இரைகளைச் செய்யும் கைவினை வேரூன்றியதற்கு அப்பகுதியின் நீர்த்தேக்கங்களே முதற்காரணம் எனலாம். 1933இல் நிறுவப்பட்ட தென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம் எழுப்பிய அணைகளுள் முதலாவதான நாரிஸ் அணை 1936இல் முடிவடைந்தபோது, மலைச்சரிவுகள் நீருக்குள் மூழ்கிப் பாறைக் கரைகள் கொண்ட பேரேரி ஒன்று உருவாயிற்று. சிறு மீன்களையும் சிங்கி இறாலை ஒத்த நன்னீர் உயிரியான கிரேஃபிஷையும் வேட்டையாடி உண்ணும் பாஸ் மீன், இத்தகைய பாறை இடுக்குகளிலும் மூழ்கிய மரங்களின் நிழலிலும் மறைந்திருந்து பாயும் இயல்புடையது. ஆகவே, அந்த மறைவிடத்தின் மீதே மோதி, சிக்காமல் மீண்டுவரும் இரை ஒன்று தேவைப்பட்டது.

அந்தத் தேவையை நிறைவுசெய்தது ‘கிராங்க்பெய்ட்’ எனப்படும் இரை. தடித்த மீனுருவும், முகவாயில் பொருத்திய தகடும், வயிற்றிலும் வாலிலும் தொங்கும் மும்முனைத் தூண்டில் முட்களும் கொண்ட இதனை, தூண்டில் நரம்பில் கட்டி எறிந்து சுருள்கருவியால் இழுக்கும்போது, ‘உதடு’ என்று தொழிலாளர் வழங்கும் அத்தகட்டை நீர் எதிர்த்துத் தள்ளுவதால், இரை தலை தாழ்த்தி மூழ்கி, பக்கவாட்டில் நடுங்கியபடி முன்னேறுகிறது. 1960களின் பிற்பகுதியில் இப்பகுதியைச் சேர்ந்த ஃப்ரெட் யங் கையால் செதுக்கிய ‘பிக் ஓ’ என்னும் பருத்த இரை, போட்டி மீன்பிடிப்போரிடையே பெரும் புகழ் பெற்றது. பின்னர் ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த காட்டன் கார்டெல் அதனை நெகிழியில் வார்த்துப் பெருமளவில் விற்றார். வார்ப்பு இரை மலிவாகவும் ஒரே சீராகவும் கிடைத்தபோதிலும், மரத்துக்கான தேவை அற்றுப்போகவில்லை. நெகிழியைவிட இலேசான பால்சா, இழுப்பை நிறுத்திய கணத்திலேயே மேலெழுவதும், மெதுவாக இழுத்தாலும் உயிர்ப்போடு அசைவதும் அதற்குக் காரணங்களாகும்.

பட்டறைகளின் வேலைமுறை எளிமையாகத் தோன்றினாலும் ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கட்டுப்படுத்துகிறது. வடிவ அட்டையை வைத்து வரைந்த மரத்துண்டை அறுத்து, உதட்டுக்கான பிளவை உருண்டை வடிவம் கொடுப்பதற்கு முன்னரே வெட்டிவிடுகின்றனர். பக்கங்கள் தட்டையாக இருக்கும்போதுதான் அறுவை நேராக விழும், அது நூலளவு சாய்ந்தாலும் முடிவில் இரை ஒருபுறமாகவே ஓடும் என்பதே அதன் காரணம். அதன்பின் கத்தியாலும் உப்புத்தாளாலும் விளிம்புகளை மழித்து, முட்களைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை உடலுக்குள் பதித்து, இரை நிமிர்ந்து நீந்துவதற்காக அடிவயிற்றில் ஈயத்தைச் செருகுகின்றனர். நீர் புகாதவாறு மரத்துக்கு மேற்பூச்சு இட்டு, மெல்லிய வலையைப் போர்த்தி, காற்றுத் தூரிகையால் வண்ணம் பீய்ச்சி அவ்வலையை உரிக்கும்போது, அதன் கண்கள் செதில்களாகப் பதிந்திருப்பதைக் காணலாம். மின்சுற்றுப் பலகைக்குப் பயன்படும் மெல்லிய கண்ணாடியிழைத் தகட்டை உதடாக ஒட்டியபின், எபாக்சிப் பூச்சு ஓரிடத்தில் வழிந்து திரளாமல் இறுகுவதற்காக, இரைகளை மெதுவாகச் சுழலும் சக்கரத்தில் மாட்டிவைக்கின்றனர்.

இவ்வளவுக்குப் பின்னும் இரை முடிந்ததாகக் கருதப்படுவதில்லை. நீர்த்தொட்டியிலோ ஏரிக்கரையிலோ இழுத்துப் பார்க்கும்போது அது வலப்புறம் விலகி ஓடினால், நரம்பு கட்டும் மூக்குவளையத்தைக் குறட்டால் மயிரிழை அளவு இடப்புறம் வளைக்கின்றனர். இடப்புறம் ஓடினால் வலப்புறம் வளைக்கின்றனர். எவ்வளவு வளைப்பது என்பதற்கு அளவுகோல் கிடையாது. கைக்கு எட்டும் அதிர்வும் கண்ணுக்குத் தெரியும் பாதையுமே அங்கு நீதிபதிகள்.

செய்பவரின் இந்த அறிவையே ஏரியில் பயன்படுத்துபவரும் வேறு திசையிலிருந்து கற்கிறார். உடலின் போக்கிலேயே நீண்டு கிடக்கும் உதடு ஆழத்துக்கும், குட்டையாகச் செங்குத்தாய் நிற்கும் உதடு மேல்நீருக்கும் உரியன. மெல்லிய நரம்பில் கட்டினால் அதே இரை மேலும் ஆழ்ந்து ஓடும். நீர் குளிர்ந்திருக்கும் முன்வசந்தத்தில் மீனின் உடலியக்கம் மந்தமாவதால் தட்டையான பக்கங்களும் நெருக்கமான நடுக்கமும் கொண்ட இரை பொருந்துகிறது. வெப்பம் கூடியபின் அகன்று ஆடும் பருத்த இரை எடுபடுகிறது. நீர் கலங்கியிருக்கையில், பக்கக்கோடு எனப்படும் உணர்வுறுப்பால் அதிர்வை அறியும் மீனுக்கு, நிறத்தைவிட அசைவின் வலிமையே முதற்குறிப்பாகிறது.

கிராங்க்பெய்ட் செல்ல இயலாத இடங்களுக்கு, மென்னெகிழிப் புழுவை முள்ளோடும் ஈயத்தோடும் கோக்கும் கட்டுமுறைகள் துணைநிற்கின்றன. 1949இல் ஓகையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நிக் கிரீம் உருவாக்கிய நெகிழிப் புழு இதற்கு வழிவகுத்தது. ‘டெக்சஸ்’ கட்டில், தோட்டா வடிவ எடை நரம்பில் முன்னே நிற்க, முள்ளின் முனை புழுவின் உடலுக்குள் புதைந்திருப்பதால் நீர்ச்செடிகளுக்குள்ளும் அது சிக்காமல் நுழைகிறது. ‘கரோலைனா’ கட்டில், கனத்த எடைக்குப் பின்னே சுழல்வளையத்தில் தனி நரம்பு நீட்டப்படுவதால், எடை தரையை உரசிச் செல்ல, புழு பின்னே தளர்ந்து மிதந்து வருகிறது. ‘டிராப் ஷாட்’ கட்டில், எடை நுனியிலும் முள் அதற்கு மேலும் அமைவதால், அடித்தளத்துக்குச் சற்று மேலே நிற்கும் மீனின் கண்ணெதிரே இரையை நிறுத்திவைக்க முடிகிறது. மீன் எந்த ஆழத்தில், எந்த மறைவில் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு கட்டும் தரும் விடை வெவ்வேறு.

இத்தொழிலின் இடர்களையும் பேசாமல் விட இயலாது. மரத்தூளும் எபாக்சி ஆவியும் ஈயமும் செய்பவரின் உடலைத் தொடுவன. முகக்கவசமும் காற்றோட்டமும் வேலையின் பகுதியாகவே கருதப்பட வேண்டியவை. நீரில் அறுந்து விழும் சிறு ஈய எடைகளை விழுங்கி லூன் என்னும் நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறப்பதால், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் அவற்றைத் தடைசெய்துள்ளன. ஈயத்துக்கு மாற்றான டங்ஸ்டன் விலை கூடியதாயினும், அதைவிட அடர்த்தி மிக்கதாதலால் சிறிய உருவில் அதே எடையைத் தருவதோடு, அடித்தளத்தின் கல்லையும் மண்ணையும் கைக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

பால்சா இரை பாறையில் மோதி உடையக்கூடியது, விலையும் மிகுந்தது. இருந்தும் அதனைச் செதுக்குவோர் இன்னும் இருப்பது பழமை மீதான ஏக்கத்தால் மட்டும் அன்று. ஓர் ஏரியின் கரையையும் பருவத்தையும் அறிந்த கை, அந்த நீருக்கென்றே உதட்டின் சாய்வையும் ஈயத்தின் இடத்தையும் மாற்றிக்கொள்ள இயலும். கடை அலமாரியில் மனிதக் கண்ணைக் கவரும் வண்ணங்களுக்கு இடையே ஓர் இரையைத் தேர்ந்தெடுப்பவர், அந்த மாற்றங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால், குறைந்த இரைகளைக் கொண்டே நீரை நன்கு அறிய முடியும். கைவினைஞரின் உழைப்புக்கு உரிய மதிப்பும் அந்த அறிவிலிருந்தே பிறக்கும்.