கூம்புகள் வகுத்த வழி

மோட்டார் வண்டிப் போட்டி என்றவளவிலே, பல வண்டிகள் ஒன்றையொன்று முந்திப் பாயும் காட்சியே நம்மனோர் கருத்தில் எழும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆட்டோகிராஸ் என வழங்கும் விளையாட்டோ அத்தகையதன்று. அகன்றதொரு வெளியில் கூம்புகளை நிறுத்தி, வளைந்து வளைந்து செல்லும் வழியொன்றை வகுப்பர். அவ்வழியே தனித்தனியாய் வண்டி செலுத்திக் கடிகாரத்தோடு மட்டுமே போட்டியிடுவர். கூம்பொன்று வீழ்ந்தாலும், அதனைச் சுற்றி வரைந்த கட்டத்தை விட்டு முற்றும் விலகினாலும், ஓட்டுநரின் கணக்கில் 2 விநாடி தண்டமாகக் கூட்டப்படும்.

யான் இதனை ஆராயப் புகுந்தது இல்லத்துக் கவலையொன்றினால். நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரிற் கல்வி பயிலும் என் தமையனார், இவ்விளையாட்டிற் கலந்துகொள்ள அன்னையாரின் இசைவை வேண்டிச் சென்ற ஆண்டு எழுதினார். எந்தையார் சாலை விபத்தொன்றில் உயிர்நீத்த நாள் முதலாக, விரைந்து செல்லும் வண்டியின் ஓசை கேட்பினும் அன்னையாரின் முகம் வாடும். எனினும் அவர் மறுத்தெழுதவில்லை. "அதன் விதிகளைப் படித்து எனக்கு விளங்கச் சொல்" என்று என்னைப் பணித்தார்.

1973 முதல் இவ்விளையாட்டில் தேசியப் போட்டி நடத்திவரும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் விதிநூலைப் படித்தேன். வழியின் அகலம் 15 அடிக்குக் குறையலாகாது. வலமும் இடமுமாய் நெளிந்து செல்வதற்கென நிரலாக நிறுத்தும் கூம்புகள் 45 அடிக்குக் குறையாத இடைவெளியில் நிற்றல் வேண்டும். சுவர், விளக்குக்கம்பம் முதலிய திண்ணிய பொருள்களுக்கு 25 அடிக்குள் வழி செல்லுதல் கூடாதென்பது பொதுவிதி. நேர்வழி நீண்டால் வேகம் மிகுமாதலின், இடையிடையே வளைவுகளை அமைத்து அதனை அடக்குவர். முடிவுக் கோட்டிற்கு அப்பாலும் வண்டி தணிந்து நிற்பதற்கு வேண்டிய வெளி விடுவர்.

ஆயினும் தாளில் வரைந்த வழி தரையோடு பொருந்தினாலன்றிப் பயனில்லை. 2009இல் தேசியப் போட்டி வந்து சேர்ந்த லிங்கன் நகரத்துக் களம், 1966இல் மூடப்பட்ட விமானப்படைத் தளத்தின் கான்கிரீட் தரையாகும். அத்தகைய தரையைச் சக்கரம் நன்கு பற்றும். வண்டிகளை நிறுத்திவைக்கும் தார்த்தரையிலோ எண்ணெய்க் கறையும் சிறு சரளையும் கிடக்கும். மழையில் நனைந்த வண்ணக்கோடுகள் வழுக்கும். பல வண்டிகள் ஓடியபின், சக்கரங்களினின்று தேய்ந்த இரப்பர்த் துகள்கள் தடத்தின் ஓரத்தே திரண்டு கிடத்தலால், தடம் விலகிய வண்டி பிடிப்பை இழக்கும். ஆதலின் வழி வகுப்போர் தரையை அடியடியாய் நடந்து பார்த்து, கடுவளைவுகளைத் தக்க இடத்தில் அமைப்பர். ஓட்டுநரும் போட்டிக்கு முன் அவ்வழியைக் காலால் நடந்தே கற்பர்.

இவையனைத்தையும் செவியேற்ற அன்னையார் வினவியது ஒன்றே: "வீழ்ந்த கூம்பை நிமிர்த்தும் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்?"

அவ்வினாவைத் தமையனாருக்கு எழுதினேன். போட்டியாளர்களே முறைவைத்து அப்பணியைச் செய்வரென்றும், பிடிப்பிழந்த வண்டி எத்திசையிற் சறுக்குமென்று கணித்து அதற்குப் புறம்பாகவே அவர்கள் நிற்குமிடத்தைக் குறிப்பரென்றும், ஓடும் வண்டிக்கு ஒருவரும் முதுகு காட்டலாகாதென்றும் மறுமொழி வந்தது. அன்னையார் இசைந்தார். "வண்டி ஓட்டுவதற்கு முன் ஒருநாள் கூம்பு நிமிர்த்தும் பணியைச் செய்து வரட்டும்" என்பதே அவர் விதித்த நிபந்தனை. தமையனாரும் அவ்வாறே செய்தார்.

தவறாது செல்வார்க்கு வழி வகுத்தல் எளிது. தவறுவார் எங்கே சென்று நிற்பார், அவ்விடத்தே யார் நிற்பார் என்பதை முன்னரே எண்ணி வகுத்தலன்றோ அறிவுடைமை! விளையாட்டு வெளியில் ஒரு பிழைக்கு 2 விநாடியே விலையென அமைத்த அக்கருத்து, நாள்தோறும் நாம் நடக்கும் சாலைகளை வகுப்போர் உள்ளத்திலும் குடிகொள்ளுமாயின், எம் இல்லத்திற்கு நேர்ந்த வெறுமையினின்று பிற இல்லங்கள் சிலவேனும் தப்பும்.