ஓடுகிற காரை ஏன் உடைக்கிறார்கள்?

லண்டன்



சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் வீதியிலிருந்து ஒரு ரொயோட்டா கொறொல்லாவை உடைக்கக் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டு ஆங்கிலேய மூதாட்டியின் கார், 2004ஆம் ஆண்டு வண்டி. பழைய இரும்பு வாங்குகிறவன் லொறியோடு வந்தான். இழுத்து ஏற்றும் வேலை எதுவும் இருக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்தது. புகை இல்லை, தட்டல் சத்தம் இல்லை. சாய்பலகையில் தானே ஏறி, லொறியின் மேலே போய் நின்றது. அதற்குப் பிறகு எனக்கு அன்று வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

அப்படி அந்தக் காருக்கு என்ன குறை? கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் தகரப் பெட்டியில் கறள். பனிக்காலத்தில் இந்த நாட்டு வீதிகளில் உப்புக் கொட்டுவார்கள். அது ஈரத்தோடு சேர்ந்து அடித்தகட்டுக்குள் புகுந்து உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெட்டி, புதுத் தகரம் வைத்து ஒட்டக் கராஜ்காரன் சொன்ன கூலி, காரின் சந்தை விலையைத் தொட்டுவிட்டது. “இதற்குமேல் செலவழிப்பதில் பயனில்லை” என்று அவனே சொல்ல, மூதாட்டியும் தலையை ஆட்டிவிட்டார். நல்ல எஞ்சின், நல்ல கியர்ப்பெட்டி, ஒரு முழத் தகரத்துக்காகப் போய்விட்டது.

கறளைப் பிடித்துக் கொடுத்தது, வண்டி வீதியில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்.ஓ.ரி. பரிசோதனை. இலங்கையில், எங்கள் ஊரில் உள்ளவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே கார்ச் சந்தை முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் நிற்கிறது. 1960இல் தொடங்கியபோது பத்து வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு மட்டுமே இது இருந்தது. அடுத்த ஆண்டே ஏழு வயதாக்கினார்கள், 1967இல் மூன்று வயதாக்கினார்கள். இன்று புதுக் கார் மூன்று வயதை எட்டியதும் பரிசோதனைக்குப் போகவேண்டும், அதன்பிறகு ஆண்டுதோறும். வட அயர்லாந்தில் மட்டும் முதலாவது நான்கு வயதில். கட்டணம் 54 பவுண் 85 பென்சுக்கு மேல் வாங்கக்கூடாது. குறைத்து வாங்கலாம், பல கராஜ்கள் வாடிக்கையாளரைப் பிடிக்கக் குறைத்தும் வாங்குகின்றன. சான்றிதழ் இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் 1,000 பவுண் வரை தண்டம்.

பரிசோதகர் எதையும் கழற்றிப் பார்க்கமாட்டார். விளக்கு, பிறேக், சுக்கான், சஸ்பென்ஷன், ரயர், இருக்கைப் பட்டி, கண்ணாடி துடைப்பான், ஹோர்ன், புகை எல்லாம் பார்ப்பார். ரயரின் பள்ளம், அகலத்தின் நடு முக்கால் பங்கில், சுற்றிவர 1.6 மில்லிமீற்றராவது இருக்கவேண்டும். பிறகு காரை உயர்த்திவிட்டு, அடியில் நின்று சிறு கருவியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே போவார். சஸ்பென்ஷனோ இருக்கைப் பட்டியோ பூட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் தகரம் பலமிழந்திருந்தால் கார் தோற்றுவிடும். திருத்தினாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு வைத்து ஒட்டியதை ஏற்கமாட்டார், விளிம்பு முழுவதும் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கவேண்டும். குறைகளை 2018இலிருந்து தரம் பிரித்து எழுதுகிறார்கள். ஆபத்தான குறை, பெரிய குறை, சிறிய குறை. இவற்றுக்குக் கீழே, இப்போது பரவாயில்லை ஆனால் கவனித்துக்கொள் என்ற அறிவுறுத்தல். ஆபத்தான குறை என்று எழுதிவிட்டால் அந்தக் காரைத் திருத்தாமல் வீதிக்குக் கொண்டுவர முடியாது.

இவ்வளவும் செய்வது பெரிய காரியம்தான். ஆனால் என்னை வியக்கவைத்தது, எழுதியதை அவர்கள் பூட்டி வைக்காமல் விட்டதுதான். வீதியில் நிற்கும் எந்தக் காரின் இலக்கத்தையும் அரசின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் கார்களுக்கு 2005 தொடக்கம் நடந்த ஒவ்வொரு பரிசோதனையும் திகதியோடு வரும். அன்று மீற்றர் எத்தனை மைல் காட்டியது, வென்றதா தோற்றதா, என்ன அறிவுறுத்தினார்கள், எல்லாம் கிடக்கும். சொந்தக்காரரின் பெயர் மட்டும் வராது. காசும் இல்லை, கையெழுத்தும் இல்லை. காரின் சாதகம் அது.

வியாழக்கிழமை அக்காவின் மகன் வந்தான். கார் வாங்கப் போகிறான். “மாமா, 2018 கார், விலையும் நல்லாக் கிடக்கு. உள்ளுக்குப் புதுக் கார் மாதிரி. ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ” என்றான். வீட்டில் இருந்தபடியே இலக்கத்தைத் தட்டினோம். மீற்றரில் கள்ளம் இல்லை, மைல்கள் ஒழுங்காகக் கூடிக்கொண்டு வந்திருக்கின்றன. ஆனால் முன் ரயர் இரண்டும் சட்ட எல்லையை நெருங்குகின்றன என்று ஒரு வருடம் அறிவுறுத்தியிருக்கிறார்கள். அடுத்த வருடம் அதே ரயரால் கார் தோற்றிருக்கிறது, அன்றைக்கே மாற்றி வென்றும் இருக்கிறது. பின்பக்க பிறேக் குழாயில் கறள் என்ற வரி வருடாவருடம் அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது. சொல்லியும் கேளாத ஒருவரின் கையில் இருந்த கார்.

“ரயர் மாத்தியாச்சுதானே மாமா, பிறகென்ன?” என்றான். நான் ஒயிலைப் பற்றிக் கேட்டேன். எம்.ஓ.ரி. எஞ்சினின் உள்நிலையைப் பார்ப்பதில்லை, கிளச்சையோ கியர்ப்பெட்டியையோ பார்ப்பதில்லை. இவன் விரும்பிய காரிலோ, ரைமிங் பெல்ற் ஒயிலுக்குள்ளேயே ஓடும் எஞ்சின். ஐரோப்பியச் சிறு கார்கள் பலவற்றில் சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறார்கள். உராய்வு குறையும், எரிபொருள் கொஞ்சம் மிஞ்சும் என்பது கணக்கு. ஒயில் பழசாகி, அதில் பெற்றோலும் கலக்கத் தொடங்கினால் பெல்ற் ஊறி, வெடித்து, துகள்துகளாக உதிரும். துகள்கள் அடிச்சட்டியில் உள்ள ஒயில் வடியில் போய் அடைக்கும். ஒயில் மேலே ஏறாது. பிறகு எஞ்சினே இல்லை. ஒயிலை நேரத்துக்கு, சொன்ன தரத்தில் மாற்றினால்தான் அந்த எஞ்சின் பிழைக்கும். கண்ணுக்குத் தெரியும் ரயரையே மாற்றாதவர், கண்ணுக்குத் தெரியாத ஒயிலை மாற்றியிருப்பாரா? மருமகன் அந்தக் காரை விட்டுவிட்டான். சங்கிலி போட்ட எஞ்சின் உள்ள ரொயோட்டா யாரிஸோ ஹொண்டா ஜாஸோ பார் என்றேன். “எல்லாரும் அதைத்தான் தேடுகினம், விலை இறங்குதில்லை” என்று முகத்தைச் சுளித்தான். இறங்காது. விற்கிறவன் சொல்வதையா, விளம்பரத்தையா நம்புவது என்ற கேள்வி இங்கே இல்லை. எந்தக் கார் எத்தனை வயதில் எதனால் தோற்கிறது என்ற தரவைச் சொந்தக்காரரின் அடையாளம் இல்லாமல் அரசே வெளியிடுகிறது. உழைக்கும் கார் எது என்று சந்தைக்குத் தெரிந்துவிட்டது, விலையும் அதன்படி நிற்கிறது.

யப்பான் கார் என்றால் யப்பானில் செய்தது என்று ஊரில் இன்னும் நினைக்கிறோம். இங்கே ஓடும் யாரிஸ் பெரும்பாலும் பிரான்ஸின் வலன்சியேனில் செய்தது. உடைக்கக் கொண்டுபோன அந்தக் கொறொல்லா இங்கிலாந்தின் டார்பிஷையரில், பேர்னஸ்ரன் தொழிற்சாலையில் இருந்து வந்தது. பிரித்தானியத் தொழிலாளிக்குக் கார் கட்டத் தெரியாது, எப்போதும் வேலைநிறுத்தம், எப்போதும் ஒழுக்கு என்று எழுபதுகளில் இந்த நாடே பேசியது. 1975இல் பிரிட்டிஷ் லேலண்ட் கார் நிறுவனத்தை அரசு கையேற்றும் அந்தப் பெயர் மாறவில்லை. 1986இல் நிசான் சண்டர்லாண்டில் கார் செய்யத் தொடங்கியது, 1992இல் ரொயோட்டா பேர்னஸ்ரனில். அதே நாட்டு ஆட்கள், அதே கைகள். பிழை கண்டால் தொழிலாளியே கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்ற ஒரு முறை வந்தது, பழுதாகாத கார்களும் வந்தன. மனிதரில் குறையில்லை, வேலை நடத்திய முறையில்தான் குறை இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதை எழுதும்போது லோங்பிரிட்ஜ் நினைவுக்கு வருகிறது. பேர்மிங்காமின் ஓரத்தில் ஒஸ்ரின் கார்கள் பிறந்த இடம். அங்கே 1952 முதல் 1954 வரை செய்த ஏ40 சொமசெற்தான் யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஏறி வளர்ந்த வாடகைக் கார். கலியாணத்துக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். 1990இல் போர் மீண்டும் மூண்டு, பெற்றோல் வடக்குக்கு வராமல் தடைப்பட்டபோது, அந்தக் கார்களை எங்கள் மெக்கானிக்மார் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய ஒஸ்ரின் எஞ்சினின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில்தான். அதனால் மட்டமான எரிபொருளையும் அது தாங்கியது. அதே வேலையைப் பிந்தி வந்த கார்களில் செய்தால் எஞ்சின் தட்டி உடையும். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கைப்புத்தகத்தில் இது எதுவும் இல்லை. வெள்ளைப் புகையும் அந்த மணமுமாக, நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அந்தக் கார்கள் ஏற்றிச் சென்றன.

லோங்பிரிட்ஜில் ஒஸ்ரினின் வழிவந்த எம்.ஜி. ரோவர் நிறுவனம் 2005 ஏப்ரலில் முறிந்தது. தொழிற்சாலை நின்ற நிலத்தில் பெரும்பகுதி இப்போது வீடும் கடையும். செய்தவன் போனபிறகும், போர் ஓய்ந்தபிறகும், சொமசெற் யாழ்ப்பாணத்தில் ஓடியது. இந்தப் பெருமையை நான் எந்த ஆங்கிலேயனிடமும் சொல்லத் தயங்கியதில்லை. வண்டியின் உழைப்பு என்பது தொழிற்சாலையில் பாதி, திருத்துகிறவன் கையில் பாதி. இங்கே இரண்டாவது பாதியை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டார்கள். புதுக் காரை மாதத் தவணையில் எடுக்கிறார்கள், மூன்று நான்கு வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். ஆறாவது வயதில் அந்தக் காருக்கு என்ன ஆகும் என்று முதல் சொந்தக்காரருக்குக் கவலை இல்லாதபோது, செய்கிறவனுக்கு எங்கிருந்து வரும்?

அரசும் தன் பங்குக்குச் செய்கிறது. கரியமில வாயு குறைவு என்று 2001இல் வீதி வரியை மாற்றி எல்லோரையும் டீசலுக்குத் தள்ளினார்கள். பிறகு நகரக் காற்று கெடுகிறது என்றார்கள். 2023 ஓகஸ்ட் 29 தொடக்கம் லண்டன் முழுவதிலும், 2015க்கு முந்திய பெரும்பாலான டீசல் கார்களை ஓட்டினால் ஒரு நாளைக்கு 12 பவுண் 50 பென்ஸ். காற்று சுத்தமாகவேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சொல்லை நம்பி வாங்கியவனின் காரை ஒரே இரவில் விலையற்றதாக்கியது அநியாயம். லண்டனில் யாரும் வேண்டாத அந்த டீசலை, வடக்கே சில மணி நேரம் ஓட்டிப் போனால் நல்ல விலைக்கு வாங்குகிறார்கள்.

இலங்கையில் நிலைமை தலைகீழ். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய ரொயோட்டா அக்சியோவும் விற்ஸும் வாங்கிய விலைக்கு மேலே விற்றன. ஒரு காரையும் யாரும் உடைக்கவில்லை, நல்லது. ஆனால் வாங்குகிறவனுக்கு இருக்கும் ஒரே காவல், கூடப் போகும் தெரிந்த மெக்கானிக்கின் காதும் கையும்தான். மீற்றரைப் பின்னுக்குச் சுற்றி வைத்திருந்தால் அவருக்கும் தெரியாமல் போகலாம்.

இந்த நாட்டு எம்.ஓ.ரி. முழுவதையும் கொண்டுபோய் இறக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. தகரத்துக்காகக் காரை உடைக்கும் பழக்கம் அங்கே வரவே வேண்டாம். ஊரில் ஒவ்வொரு வருடமும் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் காட்டித்தான் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம். ஏறக்குறைய எல்லாக் காரும் வருடத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனைக்கு வந்து நிற்கத்தானே செய்கிறது. அந்த நேரத்தில் மீற்றர் எண்ணை எழுதி, வாகன இலக்கத்தைத் தட்டினால் எவரும் பார்க்கும்படி வைத்தால் போதும். புதிய திணைக்களம் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். இன்று 80,000 கிலோமீற்றர் காட்டும் கார் முந்திய வருடம் 1,40,000 காட்டியதா என்று சுன்னாகத்தில் கார் பார்க்கப் போகிறவர் அங்கேயே நின்று கண்டுபிடித்துவிடுவார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருப்பவர் எவராவது இதை வாசித்தால், என் விண்ணப்பமாகவே எடுத்துக்கொள்ளட்டும்.